கூழுக்கு வேண்டாம், தேத்தண்ணிக்குப் போதும்: அலுமினியச் சட்டியைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்

கூடாரமடிக்கப் போவதென்று முடிவெடுத்தால் எங்கட கூட்டத்தில் முதல் சண்டை இடத்தைப் பற்றி வராது, சட்டியைப் பற்றித்தான் வரும். மணற்காடு, சாட்டி, நெடுந்தீவு, எங்கே போனாலும் இதே கதை. யாரோ ஒருத்தர் வீட்டுக் குசினியிலிருந்து பழைய அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். இன்னொருத்தர் வட்ஸ்அப்பில் வந்த காணொளியைக் காட்டி, "இதில சமைச்சால் மறதி வரும், கான்சர் வரும்" என்பார். மூன்றாவது ஆள் விடமாட்டார்: "அம்மம்மா அம்பது வருசமா இதிலதான் காய்ச்சிறா. அவவுக்கு என்ன வந்தது?"

காணொளி எவ்வளவு என்று சொல்வதில்லை. அம்மம்மா கதை ஒரு ஆளின் கதை. "அலுமினியம் நஞ்சா?" என்று மொட்டையாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. எந்தச் சட்டி, அதற்குள் என்ன, எவ்வளவு நேரம், சாப்பிடுவது யார் என்று நாலையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ஒன்றிரண்டு நாள் கூடாரச் சமையலுக்கு அலுமினியம் நல்ல சாமான், புளிப்பானதை மட்டும் அதில் வைக்கக்கூடாது என்பது எங்கட நிலைப்பாடு. பயப்படத்தான் வேணும் என்றால் பயப்பட வேண்டிய இடம் கடற்கரை இல்லை, வீட்டுக் குசினி.

முதலில் வசதியைப் பார்ப்போம். அலுமினியத்தின் அடர்த்தி எவர்சில்வரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. ஒரே அளவு, ஒரே தடிப்பு என்றால் சட்டியின் பாரமும் அப்படித்தான். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்கி, தண்ணீர்க் கான், அரிசி, கூடாரம் எல்லாத்தையும் தோளில் போட்டு நடக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மண்சட்டியில் கறி வைத்தால் அதின்ர ருசியே வேறதான். ஆனால் மினிபஸ் குலுக்கலில் அது முழுசாக வந்துசேருமா? அலுமினியம் வெப்பத்தையும் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். கடற்காத்துக்கு நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும், ஒரு இடத்தில் மட்டும் அடிப்பிடிப்பது குறைவு. தண்ணீர் கெதியாகக் கொதிக்கும், விறகும் மிச்சம்.

குறையும் உண்டு. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, சட்டி கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாகச் சூடேறாது. தண்ணீர் வற்றின பிறகும் கீழே பொச்சும் ஊமலும் தணலாகக் கனன்றுகொண்டிருந்தால் மெல்லிய சட்டி நெளியும், சிலவேளை அடி ஓட்டையாகும். கதைத்துக்கொண்டே விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிற பெடியளுக்கு இதைச் சொல்லியே ஆகவேணும்.

இனி உடம்புக்கு வருவோம். அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே தன் மேல் மிக மெல்லிய ஒக்சைட்டுப் படை ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். அதுதான் சட்டிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கிற வேலி. புளிப்பு அதைக் கரைக்கும். காரமும் கரைக்கும். உப்பு அதில் பொட்டுப் பொட்டாகத் துளை போடும். இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. எங்கட சுண்ணாம்புக்கல் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து உள்ளே கறுத்துப்போன சட்டியில் ஒருநாள் பழப்புளி கரைத்துக் காய்ச்சிப் பாருங்கள், உள்பக்கம் பளிச்சென்று வரும். சட்டி சுத்தமாகிவிட்டது என்று சந்தோசப்படுவோம். ஆனால் போன கறுப்பு எங்கே போனது? காய்ச்சினதுக்குள்தான். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, அதைச் சுரண்டிச் சுரண்டிப் பளபளப்பாக்கத் தேவையும் இல்லை.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இங்கேதான் சிக்கல். கடற்கரையில் கூடினால் நாங்கள் நூடில்ஸோடு நிற்கிற ஆக்கள் இல்லை, கூழ் காய்ச்ச வேணும். நண்டு, இறால், மீன், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிந்த பிறகு ஒடியல் மாவும் செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து ஊற்றுகிறோம். உப்பும் உறைப்பும் புளியும் தூக்கலாக இருந்தால்தான் அது கூழ். காய்ச்சி முடிந்த உடனே சட்டி காலியாவதும் இல்லை. பின்னேரம் வரைக்கும் ஆளாளுக்கு வந்து பிளாவில் வார்த்துக் குடிப்பார்கள், மிச்சம் இரவுக்கும் கிடக்கும். புளி, உப்பு, சூடு, நேரம் என்று அலுமினியம் கரைவதற்கு வேண்டிய நாலும் ஒரே சட்டிக்குள். பூச்சில்லாத அலுமினியத்தில் புளிப்பும் உப்பும் உள்ள சாப்பாட்டை வைக்காதீர்கள் என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்வது சார்க்கிரவுட் என்ற அவர்களின் புளித்த கோவாவை நினைத்து. எங்கட கூழுக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்தும்.

சரி, அப்படி ஒருநாள் குடித்துவிட்டால் என்ன நடக்கும்? பெரிதாக ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011இல் சொன்ன வார வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் அலுமினியம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2008இல் இதைவிட இறுக்கமாக, 1 மில்லிகிராம் என்றது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இறுக்கமான கணக்கிலும் வாரத்துக்கு 50 மில்லிகிராம். சட்டியில் இருந்து ஒரு நேரச் சாப்பாட்டுக்குள் இறங்குவது பொதுவாகச் சில மில்லிகிராம்தான். வாயால் போவதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை, சேர்ந்ததையும் நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். இன்னொரு விஷயம், தேயிலைச் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். கண்ணாடிக் கேத்திலில் போட்டாலும் தேத்தண்ணியில் கொஞ்சம் அலுமினியம் இருக்கத்தான் செய்யும். நெஞ்செரிவுக்குப் போடும் பல குளிசைகளில் ஒவ்வொன்றிலும் இருநூறு மில்லிகிராம் அளவுக்கு அலுமினியம் ஹைட்ரொக்சைட்டு இருக்கிறது. சட்டியைக் கண்டு அலறுகிறவர் அதைக் கேள்வி கேட்காமல் விழுங்குவார்.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? அதில் இலங்கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1987இல் கே. தென்னக்கோன், எஸ். விக்கிரமநாயக்க என்ற இலங்கை ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். புளோரைட்டு உள்ள தண்ணீரை அலுமினியச் சட்டியில் கொதிக்க வைத்தால் அலுமினியம் மிக அதிகமாகக் கரைகிறது என்றார்கள். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அவ்வளவு வரவில்லை. எண்கள் பிழை என்று தெரிந்து, அதே ஆண்டிலேயே திருத்தமும் வந்தது. திருத்தம் இதழோடு நின்றுவிட்டது, பயம் மட்டும் ஊர் ஊராகப் போனது.

மறதி நோய்க் கதைக்கும் இப்படி ஒரு வேர் இருக்கிறது. 1970களில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்த சில சிறுநீரக நோயாளிகளுக்கு மூளை பாதிக்கப்பட்டது. அதற்குச் சுத்திகரிப்புத் தண்ணீரிலும் மருந்திலும் இருந்த அலுமினியம் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அது உண்மை. ஆனால் அவர்களுக்கு அலுமினியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, தண்ணீரில் இருந்ததும் குடலைத் தாண்டி நேராக இரத்தத்துக்குள் போனது. நல்ல உடம்புள்ள ஒருவருக்குச் சட்டியால் அல்சைமர் வரும் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை.

அதனால்தான் சாப்பிடுவது யார் என்றும் கேட்கிறோம். சிறுநீரக நோயாளிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கணக்கு வேறு. அநுராதபுரம், பொலன்னறுவை தொடங்கி வவுனியா வரைக்கும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் சனத்தை வாட்டுகிறது. தரம் குறைந்த அலுமினியச் சட்டியும் புளோரைட்டுத் தண்ணீரும் சேர்ந்து ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2009இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வைத்தார்கள். அது பல கருதுகோள்களில் ஒன்று, நிறுவப்பட்ட முடிவு இல்லை. ஆனால் அதில் இருக்கிற "தரம் குறைந்த" என்ற சொல்லைக் கவனிக்க வேணும்.

ஏனென்றால் எங்கள் கணக்கில் பெரிய ஆபத்து அலுமினியமே இல்லை, காரீயம். பழைய பற்றரிக்குள் இருக்கிற அதே ஈயம். தகட்டில் அடித்து வரும் கொம்பனிச் சட்டி ஒரு வகை. எஞ்சின் துண்டு, ரேடியேற்றர், கழிவு இலத்திரனியல் என்று கிடைத்த பழைய இரும்புக்கடைச் சாமானை உருக்கி வார்த்த சட்டி இன்னொரு வகை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு 10 வளரும் நாடுகளிலிருந்து 42 அலுமினியப் பாத்திரங்களை எடுத்துப் புளிப்பு நீரில் கொதிக்க வைத்துப் பார்த்தது. மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றிலிருந்து கவலைப்படும் அளவுக்குக் காரீயம் இறங்கியது. இந்தியா அந்தப் பட்டியலில் இருந்தது, இலங்கை இல்லை. 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் ஹிண்டாலியம் உட்பட இறக்குமதியான சில பாத்திரங்களிலிருந்து காரீயம் இறங்குகிறது என்று எச்சரித்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

கூடாரத்துக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். சோறு, தேத்தண்ணி, முட்டை, பயறு, கிழங்கு எல்லாத்துக்கும் அலுமினியச் சட்டி போதும். கூழ், புளிக்கறி, தக்காளிக் குழம்பு, தேசிக்காய் பிழிந்தது என்றால் எவர்சில்வர் ஒன்றைக் கூடக் கொண்டுபோங்கள், பாரத்தை ஆளுக்கு ஒருத்தராகப் பங்கிடலாம். அலுமினியம்தான் இருக்கென்றால் புளியைக் கடைசியில் விட்டு, இறக்கின உடனே வேறு பாத்திரத்துக்கு மாத்துங்கள், இரவு முழுக்க விடவேண்டாம். கடல் தண்ணியிலும் கடற்கரை மணலிலும் உள்ளே தேய்க்காதீர்கள். சாம்பலும் காரம், அதுவும் உள்ளுக்கு வேண்டாம். வெளிப்பக்கம் கரி பிடிக்காமல் இருக்க, அடுப்பில் ஏற்றமுதல் ஈரச் சாம்பலோ களிமண்ணோ பூசலாம். காசிருந்தால் அனோடைஸ் செய்த சட்டி வாங்கலாம், அதில் அந்த ஒக்சைட்டுப் படையைத் தடிப்பாக்கி விட்டிருப்பார்கள். யார் செய்தது என்று தெரியாத, கைக்குப் பாரமான, சொரசொரப்பான வார்ப்புச் சட்டியை மட்டும் எடுக்காதீர்கள்.

எங்களுக்கு இது ஒருநாள் உல்லாசம். எங்கட பெற்றோர் தலைமுறைக்கு முகாம் என்ற சொல்லின் அர்த்தமே வேறு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள், சைக்கிளில் என்னென்ன கட்டினோம் என்று சொல்லும்போது ஒரு சட்டியும் வரும். பாரமில்லாதது, உடையாதது, மலிவானது. அந்தக் காரணங்களுக்காகவே இன்றும் பல வீடுகளில் காலைச் சம்பலுக்கும் மத்தியானப் புளிக்குழம்புக்கும் இரவுச் சொதிக்கும் அதே வகைச் சட்டிதான். அந்தச் சனத்திடம் போய் "அலுமினியத்தைத் தூக்கி எறியுங்கோ" என்று சொல்வதற்கு முன், மாற்றாக வாங்க அவர்களிடம் காசு இருக்கிறதா என்று கேட்க வேணும்.

தூக்கி எறியச் சொல்வதைவிட உதவியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணச் சந்தையிலும் கோயில் திருவிழாக் கடைகளிலும் விற்கிற பெயரில்லாத சட்டிகளில் பத்துப் பதினைந்தை வாங்கி, காரீயம் இறங்குகிறதா என்று சோதிக்க வேணும். யாழ். பல்கலைக்கழக இரசாயனவியல் மாணவர்கள் யாராவது இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால், சட்டி வாங்கும் காசுக்கு உண்டியல் குலுக்க நாங்கள் தயார். முடிவு எதுவாக இருந்தாலும் எந்தக் கடைச் சட்டி, எவ்வளவு என்று எண்ணோடு இங்கேயே போடுவோம்.