பழைய கணினியோடு போகும் தமிழ்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டதிலிருந்து, சென்னையில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீடுகளிலும் சிறு காரியாலயங்களிலும் பழைய கணினிகளை ஒழித்துக்கட்டும் வேலை மும்முரமாக நடந்துவருகிறது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் அவசியம் என்று விதித்துவிட்டபடியால், எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் இன்னும் பல வருஷம் தாங்கக்கூடிய நல்ல யந்திரங்கள்கூட, பழுது ஏதும் இல்லாமலேயே உதவாதவை என்ற தீர்ப்பைப் பெற்றுவிட்டன. பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு தவணை உண்டு. கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மாற்றுக்குக் கொடுத்தது போக மிஞ்சியவை காயலான் கடைக்குப் போகின்றன. இந்தச் செலவைப் பற்றி ஜனங்கள் குறைப்படுவது முற்றிலும் நியாயமே. ஆனால் பெட்டியின் விலையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், பெட்டிக்குள் இருந்துகொண்டு அதோடு சேர்ந்து போகிற தமிழைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறோமே என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

சென்ற முப்பது வருஷங்களில் இந்தப் பேட்டைகளில் அச்சேறிய தமிழைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கும்பாபிஷேக மலர்கள், மார்கழி இசைவிழாவுக்குச் சபாக்கள் வெளியிட்ட சிறப்பு மலர்கள், பள்ளிக்கூடங்களின் ஆண்டு மலர்கள், ஊர்ச் சங்கங்களின் அறிக்கைகள், சஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் குடும்பத்தார் தொகுத்து உறவினருக்கு வழங்கிய வம்ச வரலாறுகள், நாலு இதழோடு நின்றுபோன சிறுபத்திரிகைகள் என்று, பெரிய பதிப்பகங்களின் பட்டியலிலும் நூலகங்களின் அலமாரியிலும் பெரும்பாலும் இடம் பெறாத ஓர் இலக்கியமே இங்கே உண்டாகியிருக்கிறது. ஒரு தெருவின் சரித்திரத்தையோ ஒரு நாகஸ்வர வித்துவானின் வாழ்க்கையையோ அறிய விரும்புகிறவனுக்கு இவற்றைக் காட்டிலும் நம்பத்தக்க ஆதாரம் கிடைப்பது அருமை. சில நூறு பிரதிகளே அச்சான இம்மலர்களில் கரையானுக்கு இரையானவை பல. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் புகுந்தபோது வீட்டுப் புத்தக அலமாரிகளோடு போனவை பல. பல மலர்களுக்கு இன்று எஞ்சியிருப்பது, அவற்றை அமைத்த கணினியில் கிடக்கும் மூலக் கோப்பு ஒன்றே.

கோப்பைப் புதிய கணினிக்கு மாற்றிவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்கள், மாற்றித் திறந்த மறுகணம் திகைத்துப் போகிறார்கள். அக்காலத்துக் கணினிக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கென்று ஏற்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வரைந்து வைத்து, அதற்கு எழுத்துரு என்று பெயரிட்டு, அதைக்கொண்டு காரியத்தை நடத்தினோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தெரிவது தமிழ்தான். யந்திரத்தின் நினைவில் பதிவாவதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி கூடவே இருக்கும்வரை வேஷம் கலையாது. அது இல்லாத கணினியில் அந்த நான்கு எழுத்தும் அரைப்புள்ளியும் தம் சொந்த ரூபத்திலேயே வந்து நிற்கும். வேறு எழுத்துருவில் அதே சொல் வேறு எழுத்துகளாகப் பதிவாகும். ஸ்ரீலிபிக்கு ஓர் அட்டவணை, வானவில்லுக்கு ஓர் அட்டவணை என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் வகுத்துக்கொண்டதனால், ஓர் அச்சகத்தார் அடித்ததை அடுத்த தெரு அச்சகத்தார் திறந்து படிக்க முடியாத நிலை இந்நகரத்தில் பல்லாண்டு நிலவியது.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அழைப்பிதழும் மலரும் அச்சிட்டு இரண்டு தலைமுறையாக ஜீவனம் நடத்திவரும் ஓர் அச்சகத்தில் இந்த அவஸ்தையை நேரிலேயே கண்டேன். ஒரு கோயில் மலருக்காக வெகு காலத்துக்கு முன் அடித்து வைத்த ஸ்தல புராணக் கட்டுரையை உரிமையாளர் புதிய கணினியில் திறந்து காட்டினார். பத்திகள் இருந்தன, தலைப்பு நடுவில் இருந்தது, அடிக்குறிப்பு எண்கள்கூட வரிசை தவறாமல் இருந்தன. எழுத்துகள் மாத்திரம், தலையில் கோடும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகப் பக்கம் பக்கமாக நின்றன. மூலையில், தூசி படாமல் துணி போர்த்திய பழைய பெட்டி ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தில், பழைய பிரிண்டர் கேபிள் சொருகும் துளையில், தமிழ் மென்பொருளை விற்றவர்கள் கள்ளப் பிரதியைத் தடுப்பதற்காகக் கொடுத்த பூட்டு இன்னும் சொருகியபடி இருந்தது. அந்தத் துளை இப்போது விற்கும் கணினிகளில் இல்லை. தட்டச்சு முறையில் பழகிய ஓர் அம்மாள்தான் அந்தப் பெட்டியைக் கையாளுகிறார். விசைகளின் மேல் அச்சிட்ட எழுத்துகள் தேய்ந்து போய்விட்டபோதிலும் அவருடைய விரல்கள் இடம் தவறுவதில்லை. "இந்தப் பெட்டி நின்னுடுச்சுன்னா எங்க அப்பா காலத்து வேலை எல்லாமே நின்ன மாதிரிதான் சார்" என்றார் உரிமையாளர்.

அவருடைய பயம் மிகையானது என்று சொல்வதற்கில்லை. பக்கம் அமைப்பதற்கு நம் அச்சகங்கள் எல்லாம் நம்பியிருந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. 2004-இல் அடோபி நிறுவனம் அதை இனி வளர்ப்பதில்லை என்று கைவிட்டது. அந்த மென்பொருளுக்கு ஒருங்குறி, அதாவது யூனிகோட், கடைசிவரையில் தெரியாது. டைப் 1 என்னும் பழைய வகை எழுத்துருக்களையும் 2023 ஜனவரியோடு அதே நிறுவனம் தன் மென்பொருள்களிலிருந்து நீக்கிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 16-பிட் மென்பொருள்களை விண்டோஸ் 11 ஏற்பதே இல்லை. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகையில், உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இதுவரை உதிக்கவில்லை.

இதைச் சொல்லும்போது அந்நாளில் எழுத்துருக்களைச் செய்தவர்களைக் குறை கூறுவது என் நோக்கமே அல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, கனடாவில் சீனிவாசன் என்று, கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் தம் சொந்த நேரத்தையும் பொருளையும் செலவிட்டுக் கணினியைத் தமிழ் எழுத வைத்திராவிட்டால், அச்சுக்கோப்புக் காலத்திலிருந்து நாம் வெகு தாமதமாகவே கரையேறியிருப்போம். அட்டவணைகள் பலவாக இருப்பதன் தீமையை முதலில் உணர்ந்தவர்களும் அவர்களே. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் கூடிய மாநாடும், 1999 பிப்ரவரியில் நம் சென்னையிலேயே கூடிய தமிழ்நெட் 99 மாநாடும் இதற்காகவே கூடின. டாம், டாப் என்ற இரு குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் பின்னதன் பலன்கள். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், ஒருங்குறியே தரம் என்றும், அது செல்லாத இடத்தில் டேஸ் 16 என்ற குறியீடு என்றும் தமிழ்நாடு அரசு உத்தரவு பிறப்பித்தது. உத்தரவு வந்த பின்னரும் காரியாலயங்களில் வானவில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. புதியதை எதில் எழுதுவது என்று விதித்த உத்தரவுகள், பழையதை யார் மாற்றுவது என்பதைக் கவனித்திருந்தால் இன்று இவ்வளவு கவலைக்கு இடமிராது.

எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று ஆராய்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு டாக்டர் கல்யாணசுந்தரம் 'மயிலை' என்று ஓர் எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாக வழங்கினார். அவரும் நண்பர்களும் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களின் கைகளாலேயே அடித்துச் சேர்த்தது. முதலில் மயிலை, பிறகு டிஸ்கி, அதன்பின் ஒருங்குறி என்று குறியீடு மாறியபோதெல்லாம் அந்நூல்களும் கூடவே மாறி இன்றைக்கும் எந்தக் கைப்பேசியிலும் படிக்கும்படி இருக்கின்றன. டிஸ்கியின் அட்டவணை பகிரங்கமானது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து மாற்றும் கருவி எழுத முடிந்தது. வியாபார எழுத்துருக்களின் அட்டவணையோ அந்தந்த நிறுவனத்தின் ரகசியம். அவற்றையும் அலுக்காமல் ஆராய்ந்து, ஜெர்மனியில் சுரதா யாழ்வாணன் பொங்குதமிழ் மாற்றியையும், சென்னையில் நியூ ஹொரைஸன் மீடியா என்.எச்.எம். மாற்றியையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் கைக்கு எட்டாத எழுத்துருக்கள் இன்னும் இருக்கின்றன. வியாபாரத்தை நிறுத்திவிட்ட நிறுவனங்கள் இனியேனும் தம் அட்டவணைகளை வெளியிட வேண்டும். அதனால் அவர்களுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை தெரியாது. செல்லரித்த இடத்தில் எழுத்தே இராது. அவற்றையெல்லாம் ஊரூராகத் தேடி ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை நாம் அறிவோம். அவர் பெயரால் 1943-இல் தோன்றிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. அவருக்கு வாய்த்த சுவடிகளோடு ஒப்பிட்டால் நம்முடைய நிலை எவ்வளவோ மேல். இந்தக் கோப்புகளில் ஓர் எழுத்தும் அரிக்கப்படவில்லை. ஊகித்து நிரப்ப வேண்டிய இடமும் இல்லை. எந்த எழுத்துரு என்று தெரிந்து அதன் அட்டவணையும் கையில் இருந்தால், முழு மலரையும் ஒரு நொடியில் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். பிறகு ஒரு முறை மெய்ப்புப் பார்த்தால் தீர்ந்தது. இவ்வளவு எளிதாகக் காப்பாற்றக்கூடியதை அலட்சியத்தால் இழப்பது மன்னிக்கத்தக்கதன்று.

ஒருங்குறிக்கு மாற்றிய பின்னும் கவனிக்க வேண்டியவை உண்டு. மயிலாப்பூரில் ஸ்ரீ இல்லாத பெயர்ப் பட்டியல் அபூர்வம். இந்த ஓர் எழுத்தைக் கணினியில் இரு விதமாக அமைக்கலாம்: 'ஸ' என்ற எழுத்தைக் கொண்டு அமைப்பது ஒன்று, 2005-இல் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற எழுத்தைக் கொண்டு அமைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு விதமாக அடித்த ஸ்ரீநிவாசனை மற்றொரு விதமாகத் தேடினால், பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை என்று சாதிக்கும் மென்பொருள்கள் இன்றும் இருக்கின்றன. ஔகாரத்தின் கதி இதைவிட மோசம். ஒகரத்தை அடுத்து ளகரத்தை அடித்து ஔ என்று திருப்திப்பட்டுக்கொள்வது பலருக்கு வழக்கமாகிவிட்டதால், கோபாலபுரத்து ஔவை சண்முகம் சாலையை ஒருவர் எழுதியபடி இன்னொருவர் தேடினால் அகப்படாது. மென்பொருள் எழுதுகிறவர்கள் இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ளும்படி செய்வது சிறிய வேலை. தமிழ் தெரிந்த பொறியாளர்கள் இத்தனை ஆயிரம் பேர் வாழும் நகரத்திலிருந்து அந்தக் கோரிக்கை உரக்க எழ வேண்டும்.

கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய அந்த ஸ்தாபனம், ஒருங்குறி எழுத்துருக்களையும் தட்டச்சுக் கருவிகளையும் இலவசமாக வழங்குவதோடு, அருமையான மின்னூலகம் ஒன்றையும் நடத்திவருகிறது. அச்சகத்தாரும் சபாக்காரியதரிசிகளும் குடும்பத் தலைவர்களும் தங்கள் பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால், எழுத்துருவைக் கண்டறிந்து ஒருங்குறிக்கு மாற்றித் தந்து, உரியவர் சம்மதித்தால் ஒரு பிரதியை மின்னூலகத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு பிரிவை அங்கே திறக்க வேண்டும் என்று அரசாங்கத்தை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்து அம்மாளைப் போன்ற பழைய கைகள் இன்னும் வேலையில் இருக்கும்போதே இதைச் செய்தால்தான் பிரயோஜனம் உண்டு. எந்த வருஷத்து வேலை எந்த எழுத்துருவில் நடந்தது என்பது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

அரசாங்கம் முன்வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கணினியைக் கைமாற்றுவதற்கு முன் அதிலுள்ள தமிழ்க் கோப்புகளை ஒரு தனி வட்டில் எடுத்து வையுங்கள். கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் உறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' உறையையும் அப்படியே பிரதி செய்துகொள்ளுங்கள். உங்கள் குடும்பத்து மலரையோ சங்கத்து அறிக்கையையோ எந்த எழுத்துருவில், எந்த மென்பொருளில் அடித்தார்கள் என்று அச்சகத்தாரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வட்டோடு வையுங்கள். மாற்றித் தர வருகிறவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.