கோலுக்கு முந்தைய நொடிகள்

2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 113ஆவது நிமிடத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும் பயிற்சியாளர்கள், ஜெர்மனியின் மரியோ கோட்சே பந்தை நெஞ்சில் வாங்கி, தரையைத் தொடவிடாமல் இடக்காலால் வலைக்குள் அடித்ததைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். அதற்கு முந்தைய நொடிகளைக் காட்டுங்கள். இடது ஓரத்தில் அவருடைய சக வீரர் ஷுர்லே பந்தோடு பறக்கிறார். அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர்கள் அவரையே பார்க்க, கோட்சே அவர்கள் கண்ணில் படாமல் காலி இடத்துக்குள் நழுவுகிறார். அந்த ஓட்டம்தான் பாதி கோல். சிறுவர்களோ பந்து புறப்படும் முன்பே கோல் வாயிலில் போய் நின்றுவிடுகிறார்கள். ஓரத்திலிருந்து வரும் கிராஸ் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போகிறது. கிராஸ் போடுகிறவன் தலை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் வேகமெடுக்க வேண்டும். ஒருவன் முன்கம்பத்துக்கு, ஒருவன் பின்கம்பத்துக்கு, இன்னொருவன் பெனால்டி புள்ளியருகே சற்றுத் தாமதித்து. தடுக்க ஆளே இல்லாமல், வரிசையில் நின்று முறை வைத்து அடிக்கும் பயிற்சியில் இந்த ஓட்டம் வரவே வராது. உயரப் பந்துக்கும் அவசரமில்லை. தொடக்கப் பள்ளி வயதினருக்குத் தலையால் முட்டும் பயிற்சி வேண்டாமென்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கமே 2020இல் சொல்லிவிட்டது. கோட்டோரம் வரை போய்த் தரையோடு பின்னால் தள்ளிவிடும் பந்தையும், அதை உள்பாதத்தால் மூலைபார்த்துத் தட்டுவதையும் முதலில் பழக்குங்கள்.