கமெண்டில் கல்லெறிபவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும் நாமும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் விஷயம், கடைசி வரை வாசியுங்கள்.

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைப் பிள்ளைகள் இப்போது போனிலேயே கவிதை எழுதுகிறார்கள், பாடுகிறார்கள், குறும்படம் எடுக்கிறார்கள். நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் கீழே வரும் கமெண்ட்களைப் பாருங்கள். கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "தோட்டக்காட்டான்" என்று ஒருவர். முஸ்லிம் பிள்ளை என்றால் "தொப்பி பிரட்டி" என்று இன்னொருவர். பெண் பிள்ளை என்றால் இங்கே எழுதக் கூசும் சொற்கள். பாதிக்கு மேல் முகமில்லாத பேக் ஐடி.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் வைத்தியம் இரண்டு. ஒன்று, "கண்டுகொள்ளாதே". மற்றது, "பொலிஸில் என்ட்ரி போடு".

முதலாவது பாதி சரி. வம்புக்காரருக்கு வேண்டியதே நம் கோபம்தான். ஆனால் ஊரே கண்டுகொள்ளாமல் இருந்தால், "எல்லோரும் என்னை அப்படித்தான் நினைக்கிறார்கள்" என்றுதான் அந்தப் பிள்ளைக்குப் படும். பிறகு அது எழுதாது.

இரண்டாவதில் கவனம் வேண்டும். கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராசிக்கை மறந்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். இனவாதத்துக்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் முகநூலில் சிங்களத்தில் எழுதினார். வசவும் கொலை மிரட்டலும் வந்தன. பொலிஸில் முறையிட்டார். ஏப்ரல் 9 கைதானது மிரட்டியவர்கள் அல்ல, அவர்தான். ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அந்தக் கைது தவறு என்று உயர் நீதிமன்றம் சொல்லும்போது 2023 நவம்பர். 2024 ஜனவரி 24 நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 வாக்கில் நிறைவேறியபோது எழுதுகிறவர்கள் பயந்ததும் இதனால்தான்.

மிரட்டல், ஆபாசப் படம், பிள்ளைகளைத் துன்புறுத்தல் என்றால் தயங்க வேண்டாம். பொலிஸுக்கோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கோ உடனே அறிவியுங்கள். மற்ற வசவுகளை நம் குழுக்களே கையாளலாம்.

👉 விதியை முதலே எழுதி வையுங்கள். "இரண்டாவது பத்தி இழுக்கிறது" என்பது விமர்சனம். அதை அழிக்கக் கூடாது. எழுதியவரின் ஊர், மதம், சாதி, உடம்பு பற்றிப் பேசினால் இடமில்லை.

👉 முதலில் ஸ்கிரீன்ஷொட், பிறகு அழிப்பு. பக்கங்களில் கமெண்டை மறைத்தால் மட்டும் போதாது. போட்டவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும்.

👉 பக்கம் நடத்துபவர்கள் கெட்ட சொற்களை வடிகட்டும் பட்டியலில் தமிழ் எழுத்தோடு, இங்கிலீஷ் எழுத்தில் தட்டும் வடிவங்களையும் சேருங்கள். அதிகம் வருவது அதில்தான்.

👉 வம்புக்காரருக்குப் பதில் எழுதும் நேரத்தில் அந்தக் கவிதையைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். பத்துப் பேர் அப்படி எழுதினால் வசவு கீழே போய்விடும். பிள்ளைக்கும் பத்து வாசகர் கிடைப்பார்கள்.

கடைசியாக ஒன்று. கஷ்டமானது இதுதான். வம்பு பேசுபவர் நம்ம ஆளாக இருந்தாலும் விதி அதேதான். "தொப்பி பிரட்டி" என்றால் கொதிக்கும் நாம், நம்ம பையன் "தோட்டக்காட்டான்" என்று எழுதும்போது "சும்மா பகிடிக்கு" என்று சொல்ல முடியாது. பட்டப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைக் குர்ஆனும் (49:11) தடுக்கிறது. அந்தத் தடை நமக்கும் சேர்த்துத்தான். அந்தப் பையனைப் பொதுவில் அவமானப்படுத்தத் தேவையில்லை. வீட்டுக்குப் போய், வாப்பாவையும் வைத்துக்கொண்டு பேசினால் போதும். சின்ன ஊரில் நமக்கு இருக்கும் பெரிய வசதி அது.

குழு அட்மின்கள் இந்தக் கிழமையே விதியை எழுதி மேலே பின் செய்யுங்கள். மற்றவர்கள், இன்று ஒரு பிள்ளையின் கவிதைக்குக் கீழே நாலு வரி எழுதுங்கள்.