ஒரு கோடி மக்களுக்குப் பொறுப்புக்கூறுவது யார்?

2025 ஜனவரி 7 ஆம் திகதி மாலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடகிழக்கே உள்ள மலையடிவாரத்தில் மூண்ட தீ, பலத்த காற்றினால் உந்தப்பட்டு அல்ரடீனா என்ற குடியிருப்புப் பகுதிக்குள் புகுந்தது. லேக் அவெனியூ என்ற வீதி அப்பகுதியைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கிறது. கிழக்கே வசித்தவர்களுக்கு முன்னிரவிலேயே வெளியேற்ற உத்தரவு கிடைத்துவிட்டது. மேற்கே வசித்தவர்களின் கைத்தொலைபேசிகளை அந்த உத்தரவு சென்றடைந்தபோது மறுநாள் அதிகாலை மூன்றரை மணியாகிக்கொண்டிருந்தது. ஈற்றன் தீ என்று அழைக்கப்படும் அந்த அனர்த்தத்தில் 19 பேர் மாண்டனர். 9 ஆயிரத்துக்கும் அதிகமான கட்டிடங்கள் சாம்பலாயின. உயிரிழந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

அந்த ஒன்பது மணித்தியாலத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதே அல்ரடீனா மக்கள் எழுப்பிய கேள்வி. அந்தக் கேள்வியை எவரிடம் கேட்பது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வியாக இருந்தது. ஏனென்றால், அல்ரடீனாவுக்கு நகர முதல்வர் கிடையாது. மாநகர சபையும் கிடையாது. 40 ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதி, லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் நேரடி ஆட்சியின் கீழ் இருப்பது.

கவுண்டி என்பதை நாம் மாவட்டம் என்று விளங்கிக்கொண்டால் அது பாதிதான் சரியாகும். எமது மாவட்டங்களுக்கு அரசாங்க அதிபரைக் கொழும்பு நியமிப்பது போன்று கவுண்டிக்கு வாஷிங்டனிலிருந்து எவரும் அனுப்பப்படுவதில்லை. மக்களால் தெரிவாகும் ஒரு சபையே அதை ஆளுகிறது. லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன. எந்த நகரத்துடனும் சேராத பகுதிகளில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். பொது வைத்தியசாலைகள், சிறைச்சாலைகள், சிறுவர் பாதுகாப்பு, வறியோருக்கான உதவிகள், தேர்தல்களை நடத்துதல் என்று கவுண்டியின் கடமைகள் நகரவாசிகளையும் தொட்டுச் செல்கின்றன. 2020 குடிசன மதிப்பீட்டின்படி அதன் சனத்தொகை ஒரு கோடிக்குச் சற்று அதிகம். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 40 மாநிலங்கள் சனத்தொகையில் அதைவிடச் சிறியவை. கவுண்டியின் ஊழியர்கள் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர். ஆண்டு வரவு செலவுத் திட்டம் சுமார் 50 பில்லியன் டொலர்கள்.

இவ்வளவையும் ஆளுவது ஐந்து பேர். மேற்பார்வையாளர்கள் என்பது அவர்களின் பதவிப்பெயர். சட்டமியற்றுபவர்களும் அவர்களே, நிறைவேற்று அதிகாரம் கொண்டவர்களும் அவர்களே. சில விவகாரங்களில் மேன்முறையீட்டை விசாரித்துத் தீர்ப்பளிப்பவர்களும் அவர்களே. ஒருவருக்கு ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள். கவுண்டியின் சாசனம் 1912 இல் வாக்காளர்களால் அங்கீகரிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த வேளையில் அங்கு சுமார் 5 இலட்சம் பேரே வாழ்ந்தனர். சனத்தொகை இருபது மடங்காகியும் ஐந்து ஆசனங்கள் ஐந்தாகவே இருந்துவந்திருக்கின்றன.

'ஐந்து குட்டி அரசர்கள்' என்று அவர்களைப் பத்திரிகைகள் நீண்டகாலமாக அழைத்துவந்தன. 2020 டிசம்பரில் இருந்து ஐவருமே பெண்கள் என்பதால் இப்போது அரசிகள் என்கிறார்கள். பட்டம் வேடிக்கைக்காகச் சூட்டப்பட்டது அல்ல. ஒருவரின் தொகுதிக்குள் நடைபெறும் விவகாரத்தில் மற்ற நால்வரும் பெரும்பாலும் தலையிடுவதில்லை என்பது எழுதப்படாத உடன்பாடு. கெனத் ஹான் 1952 தொடக்கம் 1992 வரை 40 வருடங்கள் ஓர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். மூன்று தவணைகளுக்கு மேல் தொடர்ச்சியாகப் பதவி வகிக்க முடியாது என்ற கட்டுப்பாட்டை வாக்காளர்கள் கொண்டுவந்ததே 2002 ஆம் ஆண்டில்தான். ஆசனங்கள் குறைவாக இருப்பதில் இன்னொரு அனுகூலமும் அரசர்களுக்கு இருந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளி வாக்காளர்களின் பலத்தைச் சிதறடிக்கும் வகையில் தொகுதி எல்லைகள் வேண்டுமென்றே வகுக்கப்பட்டதாக 1990 இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, 1991 இல் குளோரியா மொலினா அந்தச் சபைக்குத் தெரிவாக முடிந்தது. சபைக்குத் தேர்தலின் மூலம் தெரிவான முதலாவது பெண்ணும் அவரே.

இந்த ஐவருக்கும் கீழே ஒரு பிரதம நிறைவேற்று அதிகாரி இருக்கிறார். அவர் மக்களால் தெரிவானவர் அல்ல, ஐவரால் நியமிக்கப்படுபவர். வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்பதும் முப்பத்தைந்துக்கும் அதிகமான திணைக்களங்களை ஒருங்கிணைப்பதும் அவருடைய வேலை. அரசியல்வாதி கொள்கையை வகுக்க, தேர்ச்சிபெற்ற நிர்வாகி அதை நிறைவேற்றுவது என்ற ஏற்பாடு கோட்பாட்டளவில் அழகானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் ஊறிப்போயிருந்த இலஞ்சத்துக்கும் கட்சி முகவர்களின் ஆதிக்கத்துக்கும் மாற்றாகச் சீர்திருத்தவாதிகள் கண்டுபிடித்த வழி அது. பல சிறிய நகரங்களில் அது நன்றாகவே செயற்பட்டும் வந்திருக்கிறது.

ஆனால், ஐந்து எசமானர்களுக்கு ஒரு ஊழியன் என்றாகும்போது அந்த அழகு குலைந்துவிடுகிறது. 2007 இல் மேற்பார்வையாளர்களே முன்வந்து பிரதம நிறைவேற்று அதிகாரியின் பதவியைப் பலப்படுத்தினார்கள். பெரும்பாலான திணைக்களத் தலைவர்கள் அவருக்குப் பொறுப்புக்கூற வேண்டும் என்று விதி செய்தார்கள். எட்டு வருடங்கள் கழித்து, 2015 இல், அதே சபை (சில முகங்கள் மாறியிருந்தன) அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. திணைக்களத் தலைவர்கள் மீண்டும் ஐவருக்கும் நேரடியாகப் பதில் சொல்பவர்களானார்கள். கொடுத்த கையே பறிக்கவும் முடியும் என்றால் அந்த அதிகாரம் இரவல் அதிகாரம் அன்றி வேறில்லை. இரவல் அதிகாரம் கொண்ட அதிகாரி, நெருக்கடி வேளையில் துணிந்து முடிவெடுப்பதைவிட, ஐந்து பேரில் மூன்று பேரின் முகக்குறிப்பைப் படிப்பதிலேயே தேர்ச்சிபெறுவார். அதற்காக அவரைக் குறைகூற முடியாது. அவருடைய பதவியின் ஆயுள் அந்த மூவரின் கையில்தான் இருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் அல்ரடீனாவின் இரவை நோக்கவேண்டும். அனர்த்த முகாமைத்துவ அலுவலகம் பிரதம நிறைவேற்று அதிகாரியின் கீழ் இயங்கியது. தீயணைப்புத் திணைக்களம் மேற்பார்வையாளர்களுக்குப் பொறுப்பானது. ஷெரீப் தனியாக மக்களால் தெரிவுசெய்யப்படுபவர். சபை அவருடைய பணத்தைக் கட்டுப்படுத்தலாமே தவிர நாளாந்த நடவடிக்கைகளில் அவருக்கு உத்தரவிட முடியாது. வெளியேற்ற உத்தரவு வெளிவருவதற்கு இந்த மூன்று தரப்பும் ஒத்திசைந்து இயங்கியாக வேண்டும். சபையின் பணிப்பின்பேரில் வெளியார் நிறுவனம் ஒன்று தயாரித்து 2025 செப்டெம்பரில் வெளியான அறிக்கை, காலாவதியான கொள்கைகள், போதிய ஆளணியின்மை, வெளியேற்றத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் யாருக்குரியது என்பதில் தெளிவின்மை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டியது. தோல்விக்குக் காரணமான ஒற்றைப் புள்ளி என்று எதையும் அது அடையாளம் காணவில்லை. அதன் பிறகு, அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்தைத் தனித் திணைக்களமாக்கித் தங்களுக்கு நேரடியாகப் பொறுப்புக்கூற வைப்பதற்கான நடவடிக்கைகளை மேற்பார்வையாளர்கள் ஆரம்பித்தார்கள்.

ஒற்றைப் புள்ளி இல்லை என்ற முடிவு நிர்வாகவியல் நோக்கில் சரியானதாக இருக்கலாம். ஆனால், தாயையோ தந்தையையோ தீக்குப் பறிகொடுத்தவருக்கு அதன் பொருள், எவரும் பொறுப்பில்லை என்பதே. எல்லோரும் சிறிது சிறிதாகப் பொறுப்பு என்று வகுக்கப்பட்ட அமைப்பில் இறுதியில் எவரும் பதில் சொல்வதில்லை. தனிப்பட்ட எவருடைய கெட்ட எண்ணத்தினாலும் விளைந்த கேடு அல்ல இது. அமைப்பின் வரைபடத்திலேயே அந்தக் கேடு இருக்கிறது.

அந்த வரைபடத்தை மாற்றுவதற்கு வாக்காளர்கள் தீ மூள்வதற்கு இரண்டு மாதங்கள் முன்னரே சம்மதித்திருந்தார்கள். சபையை விரிவாக்கும் யோசனையை 1976 இலும் 1992 இலும் 2000 இலும் நிராகரித்த அதே கவுண்டியின் மக்கள், 2024 நவம்பர் தேர்தலில் 'ஜி' பிரேரணையை மிகக் குறுகிய பெரும்பான்மையினால் நிறைவேற்றினார்கள். அதன்படி 2028 இல் கவுண்டியின் நிறைவேற்றுத் தலைவர் மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படுவார். 2030 குடிசன மதிப்பீட்டுக்குப் பின்னர் தொகுதிகள் மீள வகுக்கப்பட்டு, 2032 இல் ஐந்து ஆசனங்கள் ஒன்பதாகும். சுயாதீன ஒழுக்கநெறி ஆணைக்குழு ஒன்றும், கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலை 120 மணித்தியாலங்களுக்கு முன்னரே வெளியிடவேண்டும் என்ற விதியும் கூடவே வருகின்றன. பிரேரணையை முன்வைத்தவர்கள் லின்சே ஹோர்வத்தும், நாற்பது வருடங்கள் ஆசனம் வகித்த கெனத் ஹானின் மகள் ஜனிஸ் ஹானும். ஐவரில் இருவர் இதற்கு உடன்படவில்லை.

உடன்படாதவர்களின் வாதத்தை இலேசில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு கோடி மக்களிடம் வாக்குக் கேட்டு வெல்லும் ஒருவர், அநேகமான மாநில ஆளுநர்களைவிடப் பலம்வாய்ந்தவராக இருப்பார். அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் தேர்தல் பிரசாரம் செய்ய வேண்டிய பணத்தை யார் கொடுப்பார்கள், கொடுத்தவர்கள் பிரதியுபகாரமாக என்ன கேட்பார்கள் என்ற ஐயம் நியாயமானது. நிர்வாகத்தில் தேர்ச்சியற்ற ஒரு மேடைப் பேச்சாளர் அந்தக் கதிரையில் வந்து அமர்ந்துவிடவும் கூடும். ஐந்து குட்டி அரசர்களுக்குப் பதிலாக ஒரு பேரரசரை உருவாக்கிவிடக்கூடாது என்பது அவர்களின் அச்சம்.

அச்சத்துக்குப் பதில் புளோரிடாவில் இருக்கிறது. மயாமி-டேட் கவுண்டியும் ஒரு காலத்தில் நியமிக்கப்பட்ட முகாமையாளரைக் கொண்டே நடத்தப்பட்டது. 2007 இல் வாக்காளர்கள் அந்த அதிகாரங்களைத் தெரிவுசெய்யப்பட்ட முதல்வரிடம் ஒப்படைத்தனர். அந்தப் பலத்தை முதலில் அனுபவித்தவர் கார்லோஸ் அல்வரெஸ். பொருளாதாரம் நலிந்திருந்த வேளையில் சொத்துவரி வீதத்தை உயர்த்தி, ஊழியர்களுக்குச் சம்பள உயர்வையும் வழங்கியபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2011 மார்ச்சில் நடந்த மீளழைப்பு வாக்கெடுப்பில் 88 சதவீதமானோர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்டனை நியாயமானதா என்பது வேறு விவாதம். தங்களைப் பாதித்த முடிவை எடுத்தவர் யார் என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அவரை நீக்குவதற்கான வழியும் அவர்களின் கையில் இருந்தது. அல்ரடீனா மக்களுக்கு இந்த இரண்டும் வாய்க்கவில்லை.

ஆயினும், புதிய வரைபடத்தைக் கீறிய பேனா பழைய ஐவரின் கையில்தான் இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. அதன் விளைவுகள் விரைவிலேயே தெரிந்தன. உள்ளூரில் திரட்டப்படும் கட்டுப்பாடற்ற வருமானத்தில் பத்து சதவீதத்தைச் சமூக முதலீட்டுக்கும் சிறைக்கு மாற்றான திட்டங்களுக்கும் ஒதுக்குமாறு 2020 இல் வாக்காளர்கள் 'ஜே' பிரேரணையின் மூலம் கட்டளையிட்டிருந்தனர். அந்தத் திருத்தம் சாசனத்தின் பிரதியில் முறையாகச் சேர்க்கப்படாமல் விடப்பட்டிருந்தது. அந்தப் பழைய பிரதியை அடிப்படையாக வைத்து 'ஜி' பிரேரணை வரையப்பட்டதால், 2028 இல் 'ஜே' செயலிழந்துபோகும் என்பது 2025 ஜூலையில் தெரியவந்தது. ஒரு மக்கள் ஆணையை இன்னொரு மக்கள் ஆணை எவரும் அறியாமலே அழித்துவிட்டது. கவுண்டியின் சட்டத்துறையும் சபையும் பார்க்கத் தவறியதைக் கண்டுபிடித்தவர் வெளியில் இருந்த ஒரு முன்னாள் நகரசபை உறுப்பினர். தவறைத் திருத்தும் வழியைத் தேடுமாறு சபை பின்னர் பணித்தது.

அதற்கடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. 'ஜி' பிரேரணை தன்னுடைய நற்பெயருக்கும் மனநிலைக்கும் ஊறு விளைவித்ததாக முறையிட்ட பிரதம நிறைவேற்று அதிகாரிக்கு 20 இலட்சம் டொலர்களை வழங்குவதற்கு மூடிய கதவுகளுக்குப் பின்னால் சபை இணங்கியது. ஒக்டோபரில் ஊடகங்கள் வெளிப்படுத்தும்வரை மக்களுக்கு அது தெரியாது. அதிகாரியின் மனக்குறை நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால், வெளிப்படைத்தன்மைக்கு என்று கூறி வாக்குக் கேட்ட ஒரு சீர்திருத்தத்தின் பெயரால் பொதுப்பணம் இரகசியமாகக் கைமாறியதை நியாயப்படுத்துவது கடினம்.

எனவே, நிறைவேற்றுத் தலைவரை மக்களே தெரிவுசெய்யவேண்டும் என்பதை நான் ஆதரிக்கிறேன். அது மாத்திரம் போதும் என்று நம்பவில்லை. தெரிவாகும் தலைவருக்குக் கீழே, தேர்ச்சிபெற்ற நிர்வாகி ஒருவர் அரசியல் தயவின்றி இயங்குவதற்கு விதிகளில் இடமிருக்கவேண்டும். ஒன்பது பேராகப் போகும் சபை, திணைக்களங்களை ஆட்டிப்படைக்கும் பழைய பழக்கத்தைக் கைவிட்டு, தலைவரைக் கண்காணிக்கும் சட்டசபையாகத் தன்னை மாற்றிக்கொள்ளவேண்டும். அனர்த்த வேளையில் உத்தரவிடும் அதிகாரம் யாருக்குரியது என்பது, சந்தேகத்துக்கு இடமின்றி, ஒரே வரியில் எழுதப்படவேண்டும். தலைவர் 2028 இலும் ஒன்பது உறுப்பினர்கள் 2032 இலும் வரவிருக்கிறார்கள் என்றால், இடையிலுள்ள நான்கு வருடங்களில் புதிய தலைவரைக் கண்காணிக்கப்போவது அதே ஐந்து ஆசனங்கள்தான். ஆபத்து அதிகமாக இருக்கப்போவது அந்த இடைவெளியில்தான்.

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களில் பலர் தாம் வாழும் நாட்டின் பிரதமரையோ ஜனாதிபதியையோ பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். தங்கள் வீட்டுக்கு வரி விதிக்கும், தங்கள் தெருவுக்குத் தீயணைப்பு வண்டியை அனுப்பும் சபையில் தங்களைப் பிரதிநிதித்துவம் செய்பவர் யார் என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். உள்ளூராட்சி என்பது குப்பையும் கால்வாயும் சம்பந்தப்பட்ட சில்லறை விவகாரம் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த இரவில் ஆட்களை வெளியேற்றுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கவேண்டியிருந்தது வெள்ளை மாளிகை அல்ல, உள்ளூராட்சியே.