ஆட்டோமேட் பண்ணுங்க, ஆனா மறந்துடாதீங்க

எஸ்ஐபி, இன்சூரன்ஸ் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் எல்லாத்தையும் ஆட்டோ டெபிட்ல போட்டுட்டு மறந்துடுங்கன்னு நம்ம சேனல்ல நானே பல தடவை சொல்லியிருக்கேன். அதுல முதல் பாதியை இன்னைக்கும் சொல்வேன். "மறந்துடுங்க"ன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன். காரணம், போடிநாயக்கனூர்ல எங்க வீட்டு லேப்டாப்.

தோட்டம் மேலே இடுக்கி மலையில, வீடு கீழே போடியில. எங்க ஊர்ல இது சகஜம். எங்க ஏலத்தோட்டத்துல என் பேர்லயும் ஒரு பங்கு இருக்கு. ஏல பில், ஆள் கூலி, உரம், மருந்து, ஜீப் வாடகைன்னு அத்தனையும் அப்பா எக்செல்ல ஏத்திடுவார். தினமும் ராத்திரி 8 மணிக்கு அது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி ஆகற மாதிரி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல செட் பண்ணிக் கொடுத்தது நான்தான்.

ஒரு ஜூலை மாசம், ரிட்டர்ன் போடற நேரம். எக்செல் ஃபைல் கரப்ட் ஆகி திறக்கவே இல்ல. நான் பதறலை, பேக்கப் இருக்கே. டிஸ்க்கைத் திறந்தா கடைசி காப்பி முந்தின நவம்பர்ல எடுத்தது. எட்டு மாசம் ஒண்ணுமே போகலை.

"விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே, கணக்கு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினாலே ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2தான். அந்த நிகர வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் உங்க சம்பளத்துக்கு எந்த ரேட்டுல வரின்னு முடிவாகும். 5 லட்சத்தைத் தாண்டினா எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியான்னு ஃபார்மே கேக்கும். செலவுக்கு ஆதாரம் இல்லைன்னா நிகரம் ஊதிக்கும், சம்பளத்து மேல வரி கூடும்.

ஏல பில்லுக்கு டூப்ளிகேட் கிடைச்சுது. கூலிக் கணக்குல கங்காணி நோட்டுல இருந்தது பாதிதான். மீதியை நான் செலவாக் கழிக்கலை. ஆதாரம் இல்லாம கழிக்காதீங்கன்னு கிளையண்ட்கிட்ட சொல்ற வாயால எனக்கு மட்டும் கழிச்சுக்க முடியுமா?

சரி, பேக்கப் ஏன் நின்னுச்சு? அந்த நவம்பர் மழையில இடி மின்னலுக்குப் பயந்து அப்பா சாயங்காலமே சார்ஜரைப் பிடுங்க ஆரம்பிச்சிருக்கார், அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு டாஸ்க் உருவாக்கினா, சார்ஜர்ல இருந்தா மட்டும் ஓடுங்கிற டிக் தானாவே விழுந்திருக்கும். கண்டிஷன்ஸ் டேப்ல பாருங்க. பேட்டரியில இருந்தா டாஸ்க் கிளம்பாது, எந்த எச்சரிக்கையும் வராது. தவறவிட்ட டாஸ்க்கை முடிஞ்ச சீக்கிரம் ஓட்டுங்கிற ஆப்ஷன் செட்டிங்ஸ் டேப்ல இருக்கு. அது டிக் இல்லாமதான் வரும், நீங்கதான் போடணும். கரண்ட் அடிக்கடி போற ஊர்ல இந்த ரெண்டையும் மாத்தாம விட்டா பேக்கப் இல்லைன்னே வச்சுக்கோங்க.

வேற இடங்கள்லயும் இடிக்கும். யூசர் லாகின் ஆகலைன்னாலும் ஓடட்டும்னு பாஸ்வேர்டு கொடுத்து வச்சிருந்தா, விண்டோஸ் பாஸ்வேர்டை மாத்தின அன்னைக்கே டாஸ்க் நின்னுடும். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு E-யா இருந்த எழுத்து F-னு மாறிட்டா காப்பி போக இடம் இருக்காது. ஹிஸ்டரி டேப் பெரும்பாலும் காலியா இருக்கும், அதை நீங்கதான் எனேபிள் பண்ணணும். லாஸ்ட் ரன் ரிசல்ட்ல "சக்சஸ்ஃபுல்"னு வந்தாலும் நம்பாதீங்க. ஸ்கிரிப்ட் ஓடி முடிஞ்சதுன்னுதான் அதுக்கு அர்த்தம், ஃபைல் போய்ச் சேர்ந்ததான்னு அதுக்குத் தெரியாது.

வீட்டு லேப்டாப்னாலதான் இப்படின்னு நினைக்காதீங்க. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லேப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர் தப்பா லைவ் டேட்டாபேஸையே அழிச்சுட்டார். தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தா காலி. சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாம அது ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு. ஃபெயில் ஆனதைச் சொல்ல வேண்டிய மெயில்களையும் மெயில் சர்வர் தள்ளிவிட்டிருக்கு. வேற வேலைக்காக சுமார் 6 மணி நேரம் முன்னாடி ஒருத்தர் கையால எடுத்து வச்ச காப்பிதான் காப்பாத்திச்சு.

உங்க வீட்ல ஏலக்காய் இல்லாம இருக்கலாம். ஃபார்ம் 16, பே ஸ்லிப், வாடகை ரசீது, ஷேர் வித்த கான்ட்ராக்ட் நோட் இருக்குமே? ரிசைன் பண்ணின கொஞ்ச நாள்ல பழைய கம்பெனி போர்ட்டல் லாகின் போயிடும். "எல்லாம் டிரைவ்ல சிங்க் ஆகுது சார்"னு சொல்வீங்க. இங்கே டெலிட் பண்ணினா அங்கேயும் போறதுக்குப் பேர் பேக்கப் இல்லை.

எஸ்ஐபி போச்சான்னு ஸ்டேட்மென்ட்ல பாக்கறீங்கல்ல, அதே மாதிரி சம்பளம் வர்ற அன்னைக்கு அஞ்சு நிமிஷம். டிஸ்க்கைத் திறங்க, கடைசி ஃபைல் தேதியைப் பாருங்க, ஏதாவது ஒரு ஃபைலை வேற ஃபோல்டருக்கு எடுத்துத் திறந்து பாருங்க. திறக்கணும், அதுதான் டெஸ்ட். எங்க வீட்ல இப்போ டாஸ்க் மதியம் 1 மணிக்கு ஓடுது. ஏல பில்லை ஏத்தின மறுநாள் அப்பா டிஸ்க்ல இருக்கற தேதியைப் பார்த்து வாட்ஸ்அப்ல எனக்கு போட்டோ அனுப்பறார். போன வாரம் அனுப்பலை, நான் போன் போட்டுக் கேட்டேன்.