குடும்பத் தொழில் என்னும் பின்வாசல்

காவிரிப் படுகையில் ஜூன் மாதம் இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்று பள்ளிக்கூடம். இன்னொன்று, தண்ணீர் இருக்கிற ஆண்டில், 12ஆம் தேதி மேட்டூர் அணை. தண்ணீர் கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்கு வருவதற்குள் நாற்றங்கால், வரப்பு வெட்டு, நடவு என்று சேரியில் எல்லாக் கைகளுக்கும் வேலை வந்துவிடும். நடவு இயந்திரம் வந்தபிறகு பிள்ளைகளை வயலில் இறக்குவது குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் தாய் விடியலில் வேலைக்குப் போய்விட்டால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஆட்டை அவிழ்த்துக் கட்ட, உலை வைக்க வீட்டில் நிற்பது யார்? ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கிற மூத்த பெண்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு மாலைநேரப் படிப்பகத்தில் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நடவு தொடங்கினால் எந்தெந்தப் பிள்ளை வராது என்று பெயர் சொல்லி முன்கூட்டியே என்னால் எழுதித் தரமுடியும்.

இந்தப் பிள்ளைகளுக்காக நாட்டில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்கிறது. பழைய சட்டம் பட்டியலில் இருந்த தொழில்களுக்கு மட்டுமே தடை போட்டிருந்தது. அந்த அளவில் திருத்தம் முன்னேற்றம்தான். ஆனால் அதே மூன்றாவது பிரிவின் அடுத்த உட்பிரிவு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம், அபாயகரமான தொழிலாக மட்டும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறது. முன்வாசலில் பூட்டு, பின்வாசல் திறப்பு.

'உதவுதல்' என்ற சொல்லில் என்ன தவறு என்று சிலர் கேட்பார்கள். அப்பன் தொழிலைப் பிள்ளை கற்றுக்கொள்வது நம் பண்பாடு என்பார்கள். திருத்தத்துக்கு 2015இல் ஒப்புதல் அளித்தபோது ஒன்றிய அரசும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: நாட்டின் சமூகக் கட்டமைப்பைக் கணக்கில் கொள்ள வேண்டுமாம், பெற்றோருக்கு உதவும்போதே பிள்ளைகள் தொழிலின் அடிப்படைகளையும் கற்றுக்கொள்கிறார்களாம். இந்த நாட்டின் சமூகக் கட்டமைப்பு என்பது சாதி. அப்பன் தொழில் பிள்ளைக்கு என்பதுதான் அதன் முதல் விதி.

இந்த வாதத்தைத் தமிழ்நாடு முன்பே ஒருமுறை கேட்டு, தூக்கி எறிந்திருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்போதைய தஞ்சை மாவட்டத்தில் ஒரு பண்ணையாள் மகனுக்கு இதன் பொருள் என்ன? அவன் அப்பனுக்குச் சொந்தமாகத் தொழில் ஏது? மிராசுதாரின் மாட்டை மேய்ப்பதும் மிராசுதாரின் வயலை உழுவதும்தான் தொழில். பிற்பகல் முழுவதையும் அரசாங்கமே பண்ணைக்கு எழுதிக் கொடுத்தது போலத்தான் அது. இதில் ஒரு வேடிக்கை, 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்குச் சட்டம் கொண்டுவந்ததும் அதே ராஜாஜி அரசு. அப்பனுக்குப் பாதுகாப்பு, மகனுக்குப் பண்ணை வேலை!

பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். 1954 மார்ச் மாதம் குலக்கல்வி எதிர்ப்புப் படை சென்னை நோக்கி நடக்கத் தொடங்கியது எங்கள் டெல்டாவின் நாகப்பட்டினத்திலிருந்து. தலைமை தாங்கியவர் நீடாமங்கலம் ஆறுமுகம். அடுத்த மாதம் ராஜாஜி பதவியில் இல்லை. காமராசர் ஆட்சி மே மாதமே திட்டத்தைக் கைவிட்டது.

இப்போது 2017இல் வந்த விதிகளைப் பாருங்கள். குடும்பத்துக்கு உதவும் குழந்தை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை செய்யக்கூடாது, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உதவக்கூடாது. ராஜாஜி பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய மூன்று மணி நேரத்தை இவர்கள் வேலைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கடிகாரம் வைத்துக் கணக்குப் பார்ப்பவர் யார்? எந்தத் தொழிலாளர் துறை ஆய்வாளர் கூரை வீட்டின் அடுப்படிக்குள் வந்து பார்க்கப் போகிறார்? தொடர்ந்து 30 நாள் சொல்லாமல் கொள்ளாமல் வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் தகவல் தரவேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. ஒரு தெருவின் நடவு முடிய 30 நாள் ஆகாது. இருபது நாள் கழித்து வந்து பின்வரிசையில் உட்காரும் பெண்ணுக்கு, நடுவில் போன பின்னக் கணக்கு போனதுதான்.

'குடும்பம்' என்றால் யார் என்றும் சட்டம் விளக்குகிறது. தாய், தந்தை, உடன்பிறந்தாரோடு நிற்கவில்லை. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, தாய்மாமன், சித்தி, பெரியம்மா எல்லாரும் உள்ளே. வெளியாட்களையும் வைத்து நடத்தும் தொழில்கூடக் 'குடும்பத் தொழில்' ஆகிவிடுகிறது. அறுவடை முடிந்த தரிசில் ஆட்டுக்கிடை போட வருகிறார்கள். சில கிடைகளில் ஆடு ஓட்டும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்தவன். டெல்டா மாவட்டங்களில் இப்படிப்பட்ட பையன்களை அதிகாரிகள் மீட்டது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அதிகாரி வந்து கேட்டால் "எங்க அக்கா மவன் சார், லீவுக்கு வந்திருக்கான்" என்று சொன்னால் போதும். மாமா என்று கூப்பிடாத ஆள் யார் இருக்கிறார்கள் நம் ஊரில்? வேலைக்கு வைத்தவனுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. மாமன் என்றாகிவிட்டால் அந்தப் பிரிவு அவனைத் தொடாது.

ஐந்து வேலி வைத்திருப்பவர் வீட்டுப் பையனும் விடுமுறையில் வயலுக்குப் போவான். வரப்பில் நின்று பம்புசெட்டைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து நுழைவுத்தேர்வுக்குப் படிப்பான். அவனுக்கு இந்த உட்பிரிவு தேவையே இல்லை. நிலமில்லாத கூலிக் குடும்பத்தில்தான் அதற்கு வேலை. அங்கே குடும்பத் தொழில் என்பது அடுத்தவர் வயலில் கூலி வேலை.

இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் அம்பேத்கர். கட்டாயக் கல்வியைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்திவிடலாம் என்று அரசியல் நிர்ணய சபையில் ஒரு திருத்தம் வந்தது. 1948 நவம்பர் 23 அன்று அவர் அதை ஏற்க மறுத்தார். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று வேறோர் உறுப்பில் சொல்லியிருக்கிறோம், அப்படியானால் அந்த வயது வரை குழந்தை கல்வி நிலையத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் தர்க்கம். வேலைக்குத் தடையும் பள்ளிக்கு உரிமையும் ஒரே முடிச்சு. 2016 அந்த முடிச்சைத் தளர்த்திவிட்டது.

14 முடிந்தால் அந்தத் தளர்ந்த முடிச்சும் கிடையாது. எட்டாம் வகுப்போடு கல்வி உரிமைச் சட்டம் விடைபெற்றுக்கொள்கிறது. 14 முதல் 18 வரை 'வளரிளம் பருவத்தினர்' என்று பெயர் சூட்டி, அபாயமில்லாத வேலைக்கு அனுப்பலாம் என்கிறது மற்றச் சட்டம். இந்த இடைவெளியில்தான் மில் ஏஜென்ட் தெருவுக்குள் நுழைகிறான். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் முடிந்ததும் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, டெல்டாப் பெண் பிள்ளைகளைத் திண்டுக்கல்லுக்கும் திருப்பூருக்கும் நூற்பாலைகளுக்கு ஏற்றிப் போன கதை தோழர்களுக்குத் தெரியும்.

ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு குலத்தொழில் நிபந்தனைக்காக ஏற்க மறுத்தது. சரியான முடிவு, வரவேற்றோம். ஆனால் அந்தத் திட்டத்தில் சேரக் குறைந்தபட்ச வயது 18. ஏழு வயதுப் பிள்ளையைக் குடும்பத் தொழிலுக்கு அனுமதிக்கும் உட்பிரிவு பல ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. அதை எதிர்த்து நாகப்பட்டினத்திலிருந்து யாரும் நடக்கவில்லை. கல்வியும் தொழிலாளர் நலனும் பொதுப்பட்டியலில் இருப்பவை. குடும்ப விலக்கை நீக்கும் மாநிலத் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பட்டும். ஒப்புதல் வராமல் போகலாம். மறுக்கிறவர்கள் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும். கல்வி உரிமையை 18 வயது வரை நீட்ட மாநில அரசு தானே ஒரு சட்டம் கொண்டுவரலாம், அதற்கு யாரும் டெல்லியைக் கைகாட்ட முடியாது.

அதுவரை செய்ய வேண்டிய சின்ன வேலைகளும் உண்டு. காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கத்தை 2023 ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் திருக்குவளையில்தான். தாய் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சோறு எவ்வளவு பெரிய துணை என்பது இங்கே பார்த்தால் தெரியும். திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். வீட்டில் நிறுத்தப்படும் பெண்ணோ ஆறிலும் ஏழிலும் இருக்கிறாள். அவளுக்கும் காலைச் சோறு வேண்டும். அவள் இடுப்பிலிருக்கும் தம்பியை இறக்கிவிட, நடவு மாதங்களில் அங்கன்வாடி காலை ஆறு மணிக்கே திறந்திருக்க வேண்டும்.