முகவீணையும் இரைச்சல்தானா?

புதுச்சேரி பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்தில் மைக் செட் வைத்திருந்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, தீமிதி என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். இப்போது பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறேன். என்னிடம் வருவது இரண்டு வகை. ஒன்று, பூசணம் பிடித்த கேசட். அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். இன்னொன்று, செல்போன் ஆப்பில் போட்டு ஏற்கெனவே ‘சுத்தம்’ செய்த ஃபைல். அதைக் கேட்டால் வயிறு எரிகிறது. “கேசட் எங்கேப்பா?” என்று கேட்டால், “அதான் போன்ல ஏத்திட்டோமேண்ணே, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போட்டுட்டோம்” என்கிறார்கள்.

அப்படி வந்ததில் ஒன்று கர்ண மோட்சம். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இறந்தால் கருமாதி ராத்திரியில் இந்தக் கூத்தை வைப்பது வழக்கம். ஆப்பில் ஓட்டி எடுத்த அந்த ஃபைலில் கட்டியக்காரன் பேசுவது சுத்தமாகக் கேட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் கூத்தின் ஊதுகுழலான முகவீணையைக் காணோம். ஆர்மோனியம் திடீரென்று வருகிறது, திடீரென்று போகிறது. கர்ணன் மனைவி பொன்னுருவி அழுது பாடுகிற இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடுவதுபோல் கொளகொளவென்று இருக்கிறது.

ஆப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போனில் பேசுகிறவரின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஹாரன், ஃபேன், நாய், மிக்ஸி எல்லாவற்றையும் தள்ளிவிடப் பழக்கப்பட்டது அது. முகவீணையும் அதன் காதுக்கு ஒரு ஹாரன்தான். விடாமல் ஒரே சுருதியில் நிற்கும் ஆர்மோனியத்தை அது ஃபேன் சத்தத்தோடு சேர்த்துவிடுகிறது. தவறு எங்கே என்றால், கூத்தை அதனிடம் கொடுத்ததிலும், கொடுத்த கையோடு கேசட்டைக் குப்பையில் போட்டதிலும்தான்.

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி. 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கியது. இன்றுவரை இலவசம். இரைச்சலைக் குறைக்கச் சொன்னால் அது முதலில் நம்மைக் கேட்கும்: எது இரைச்சல், காட்டு. வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஓரிரு விநாடியைத் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். விடிய விடிய ஆர்மோனியம் ஓயாத கூத்தில் அந்த ஓரிரு விநாடிக்கு எங்கே போவது? கேசட்டின் ஆரம்பத்தில்தான் அது கிடைக்கும். ரெக்கார்டு பட்டனை அமுக்கிவிட்டு வாத்தியார் குரலெடுக்கக் காத்திருக்கும் நேரம். ‘சும்மா ஓடுது’ என்று எல்லோரும் முதலில் வெட்டி எறிவது அந்த இடத்தைத்தான்!

அதன் பிறகும் அவசரப்படக் கூடாது. மென்பொருளின் பழைய பதிப்புகள் தானாக 12 டெசிபல் குறைக்கிறேன் என்று நிற்கும். கூத்துக்கு நான் 6-ஐத் தாண்டுவதில்லை. எடுத்து எறியப் போவதை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்க்கவும் அதில் வழி இருக்கிறது. அதில் வெறும் ‘உஸ்’ மட்டும் கேட்டால் சரி. தாளத்தின் நுனியோ, ஒரு சொல்லின் வாலோ கேட்டால் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும் வேலை. ஆப் இதை நமக்குக் கேட்கவே கொடுக்காது.

உண்மையில் பாதிக் கோளாறு கம்ப்யூட்டர் வரைக்கும் வரவே தேவையில்லை. குரல் அமுங்கிக் கேட்கிறது என்றால் டேப் ரெக்கார்டர் ஹெட்டில் அழுக்கு இருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில் துடைத்தால் தீர்ந்தது. தீரவில்லையா? ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. பாட்டை ஓடவிட்டு அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பதிவு செய்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வு வந்ததும் தாளம் ‘ணங்’கென்று எழுந்து நிற்கும். அந்தக் கணத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூவில் கிடைக்கவேண்டியதை மென்பொருளில் கூட்டப் போனால் குரலோடு ‘உஸ்’ஸும் சேர்ந்து ஏறும், பிறகு அதைக் குறைக்க இன்னொரு ஓட்டம். சரிசெய்யவே முடியாததும் உண்டு. மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தி, அலையின் தலை சீவப்பட்டிருந்தால் போனது போனதுதான். மென்பொருள் அங்கே ஊகித்து ஒட்டுப்போடும், அவ்வளவே.

ஹம் அடிப்பதையும் அவசரப்பட்டுத் துடைக்கக் கூடாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையர் வழியாக அந்த உறுமல் பதிவில் ஏறியிருக்கும். உடனே அழித்துவிடத் தோன்றும். ஆனால் அந்த உறுமல் 53-ல் காட்டினால் பதிவானதைவிட இப்போது டேப் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். அந்தக் காலத்து கரண்ட் 50-லேயே நிற்கவில்லை என்பதால் ஆர்மோனியத்தின் கட்டையையும் ஒத்துப் பார்த்து வேகத்தைத் திருத்துவேன். ஹம்மை முதலிலேயே துடைத்துவிட்டால் கையில் ஒரு அளவுகோல் குறைகிறது.

ஒலிக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ. சொல்லும் விதியும் இதுதான்: கேசட்டில் இருப்பதை அப்படியே குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்று, அதில் கை வைக்காதே. துடைப்பதெல்லாம் நகலில். ஆர்னால்ட் பேக் என்ற டச்சுக்காரர் 1938-ல் தென்னிந்தியாவில் பதிவு செய்த பாட்டுகளை, 1984-ல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே ஊர்களுக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். கரகரப்போடு இருந்தாலும், இருந்ததால்தானே கொண்டுபோக முடிந்தது?

எங்கள் ஊரில் ஒரு கேசட் தப்பி இருப்பதே பெரும்பாடு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கேசட் பெட்டியையா தூக்குவார்கள்? நனைந்த கேசட்டை வெயிலில் காயவைப்பதும், போட்டுப் பார்ப்பதும்தான் பெரிய தப்பு. சேறு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு டப்பாவைத் திறந்து நாடாவை வேறு டப்பாவுக்கு மாற்றினால் பெரும்பாலும் பாடும்.

புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறைக்கு ஒரு கோரிக்கை. கொம்யூனுக்கு ஒரு நூலகத்திலாவது பழுது பார்த்த நல்ல கேசட் டெக் ஒன்றும், கம்ப்யூட்டர் ஒன்றும், நாலைந்து ஹார்ட் டிஸ்கும் வையுங்கள். யார் கேசட் கொண்டுவந்தாலும் துடைக்காத பிரதி ஒன்று அங்கே இருக்கட்டும். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம், யார் வீட்டுக் கருமாதி என்று கொண்டுவருபவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குத் துடைத்த நகலை அவர்கள் எடுத்துப் போகட்டும். ‘டெக் ஓட்ட ஆள் எங்கே?’ என்று ஃபைலில் குறிப்பு எழுதுவார்கள், தெரியும். மைக் செட் வைத்திருந்தவர்கள் பாகூரிலும் வில்லியனூரிலும் இன்னும் இருக்கிறோம், காதும் கேட்கிறது. சம்பளத்தைப் பேசிக்கொள்ளலாம்.